வால் ரொட்டி

அக்கா – அதைக் கீழ வைடா.

தம்பி – எதை?

அக்கா – அச்சை. இன்னிக்கு ரொட்டியில குத்த வேண்டாம்.

தம்பி – ஏன், அதுக்கு உடம்பு சரியில்லையா?

அக்கா – விளையாடாதே. வைன்னா வை.

தம்பி – அக்கா, மாவு பொங்கி நிக்குது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா மேல காஞ்சு போய் அச்சு ஏறாது. கதவைத் திறந்தா 'வால் ரொட்டி குடு, வால் ரொட்டி குடு'ன்னு வந்து நிப்பாங்க. வட்டமும் இல்ல, வாலும் இல்லேன்னா நான் என்ன பேர் சொல்லி விக்கறது?

அக்கா – ஒரு நாள் வால் இல்லாமத் தின்னா யாரும் செத்துட மாட்டாங்க.

தம்பி – அப்பா செத்த மறுநாளே கண்ணைத் துடைச்சிக்கிட்டு அச்சு குத்தினவ நீ. இன்னிக்கு என்ன வந்துது உனக்கு?

அக்கா – அந்தப் பேச்சு எதுக்கு இப்ப?

தம்பி – சரி, அதை விடு. வெளிய கடைப் பலகை எங்க? வரும்போதே பார்த்தேன். சுவத்துல ஆணி மட்டும் நிக்குது.

அக்கா – நான்தான் கழட்டி உள்ள வச்சேன். பெயின்ட் உரியுது.

தம்பி – அது நான் அரை டிராயர் போட்ட நாள்லேர்ந்து உரியுது. இன்னிக்குத்தான் உன் கண்ணுல பட்டுதா?

அக்கா – டீச்சர் வராங்கடா.

தம்பி – எந்த டீச்சர்? நம்ம சுரண்டல் டீச்சரா?

அக்கா – அவங்களை அப்படிச் சொல்லாதேன்னு எத்தனை தடவை...

தம்பி – பின்னே? வாரா வாரம் வராங்க, ரொட்டி வாங்கறாங்க, பையில போடறதுக்கு முன்னாடியே நகத்தால அந்த வாலைச் சுரண்டி எடுத்துடறாங்க. நான் கை வலிக்க வலிக்கக் குத்தறேன், அவங்க நின்ன இடத்துலயே அழிக்கறாங்க. ஒரு கலைஞனுக்கு எவ்வளவு பெரிய அவமானம்!

அக்கா – ஏன் சுரண்டறீங்கன்னு நீ கேட்டிருக்கியா?

தம்பி – கேட்டேனே. "எங்கம்மா சுரண்டுவாங்க, அவங்கம்மாவும் சுரண்டுவாங்க, ஏன்னு யாருக்கும் தெரியாது தம்பி"ன்னாங்க.

அக்கா – இப்பத் தெரிஞ்சு போச்சு. நேத்து நீ இல்லாதப்போ கடைக்கு வந்து சொன்னாங்க.

தம்பி – என்ன சொன்னாங்க?

அக்கா – பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மியூசியத்துக்குப் போயிருக்காங்க. அங்க ஒரு கண்ணாடிப் பெட்டியாம். சங்கிலி, கால் விலங்கு... அப்புறம் வரிசையா இரும்புக் கம்பி. நுனியில ஆளுக்கொரு அடையாளம். முதலாளிக்கு முதலாளி வேற வேற அடையாளம். அதைப் பழுக்கக் காய்ச்சி... தோள்ல வைப்பாங்களாம். மாட்டுக்கு இல்லடா. ஆளுங்களுக்கு. அடிமையா வாங்கின ஆளுங்களுக்கு.

தம்பி – ம்.

அக்கா – அதுல ஒரு கம்பி... வட்டமும் வாலும். அந்தக் காலத்து முதலாளியோட பெரிய வீட்டை இடிச்சப்போ மண்ணுல கிடைச்சதாம். நம்ம ரொட்டி மேல இருக்கற அதே வட்டம், அதே வால்.

தம்பி – ம்.

அக்கா – என்னடா "ம்"? எனக்குக் கேட்டதும் கையும் ஓடல காலும் ஓடல. நீ என்னடான்னா கல்லு மாதிரி நிக்கறே.

தம்பி – தூக்கக் கலக்கம். அடுப்புப் பக்கத்துல நின்னு நின்னு மூளை வெந்து போச்சு. சொல்லு.

அக்கா – ஒரு ரொட்டி அச்சுக்கு இவ்வளவு நீளக் கைப்பிடி எதுக்குன்னு நீ யோசிச்சதே இல்லையா? கிட்டப் போகாம எட்டி நின்னு வைக்கறதுக்குடா.

தம்பி – சின்னப் புள்ளையில அதைச் செங்கோல்னு தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். நீதானே எனக்கு மந்திரி.

அக்கா – உன் கையைப் பாரு! அதே வட்டமும் வாலும்! பச்சை குத்திக்கிட்டு வந்து நிக்கறே!

தம்பி – தெரியுது அக்கா. என் கைதானே. அது அந்த வயசுக் கிறுக்கு. கடை மேல பாசம்னு குத்திக்கிட்டு வந்து, பெருமையா அப்பாகிட்ட நீட்டினேன். விட்டாரு ஒரு அறை. காது கிர்ருன்னு கத்துச்சு. ஏன்னு கேட்டா சொல்லல. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாரு.

அக்கா – சட்டைக் கையை இழுத்து விடு. டீச்சர் பார்த்துட்டா...

தம்பி – அவங்க எப்பவோ பார்த்துட்டாங்க. "இந்த வாலைச் சுரண்ட முடியாது போலிருக்கே தம்பி"ன்னு சிரிச்சாங்க.

அக்கா – அய்யோ...

தம்பி – நீ முதல்ல உக்காரு. டீச்சர் உன்கிட்ட என்ன கேட்டாங்க? ஒண்ணு விடாமச் சொல்லு.

அக்கா – "இந்த அச்சு உங்ககிட்ட எப்படி வந்துது?"ன்னாங்க. அவ்வளவுதான். நீங்க சூடு வச்ச பக்கமா, சூடு வாங்கின பக்கமான்னு வாய் விட்டுக் கேக்கல. ஆனா கண்ணு அதைத்தான் கேட்டுது.

தம்பி – நீ என்ன சொன்னே?

அக்கா – அம்மா சொன்னதைச் சொன்னேன்.

தம்பி – அம்மாவா? அம்மா என்ன சொன்னா? என்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லையே!

அக்கா – பொண்ணுங்களுக்கு மட்டும்தான் சொல்வாங்களாம். நான் முதல் முதலா மாவு பிசைஞ்ச அன்னிக்கு, கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னா.

தம்பி – அதானே பார்த்தேன், ரெண்டு பேரும் எதையாவது குசுகுசுன்னு... சரி, சொல்லு.

அக்கா – நம்ம வம்சத்துல முதல் பொம்பளை பெரிய வீட்டுல அடிமை. சமையக்கட்டுல வேலை. அவ தோள்லயும் அந்த வட்டமும் வாலும் இருந்துதாம். அடிமைங்களுக்கெல்லாம் விடுதலைன்னு அறிவிச்சதும் பெரிய வீட்டுக்காரங்க பெட்டியைக் கட்டிக்கிட்டு ஓடிட்டாங்க. எல்லாரும் உள்ள பூந்து கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டாங்க. பாத்திரம், துணிமணி, நிலைக்கண்ணாடி. இவ மட்டும் அந்த இரும்பை எடுத்தா. இனிமே இது எந்த உடம்பு மேலயும் படக் கூடாது, மாவு மேல மட்டும்தான் படணும்னு.

தம்பி – அம்மா இப்படியா சொன்னா?

அக்கா – ஆமா.

தம்பி – இவ்வளவுதானா?

அக்கா – இவ்வளவுதான். ஏன்?

தம்பி – ஒண்ணும் இல்ல. கேக்க... நல்லாயிருக்கு.

அக்கா – அடிமை வம்சம்னு வெளிய தெரியறது உனக்குக் கூச்சமா இருக்கா?

தம்பி – அதுல என்ன கூச்சம்? சூடு வாங்கினவங்க எதுக்குக் கூசணும். வச்சவங்கதான்...

அக்கா – வச்சவங்கதான்?

தம்பி – வச்சவங்கதான் கூசணும்னேன். கையை எடு, மாவுல படுது.

அக்கா – டீச்சர் அதைக் கேட்டுட்டு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்கடா. வாடிக்கைக்காரங்க எல்லாம் பார்த்துக்கிட்டிருக்காங்க. விசும்பி விசும்பி அழறாங்க. "நாம ஒரே பக்கம்தாங்க. இத்தனை வருஷமா உங்க அச்சைச் சுரண்டித் தள்ளிக்கிட்டிருந்தேனே, என்னை மன்னிச்சிடுங்க"ன்னு... என்கிட்ட மன்னிப்புக் கேக்கறாங்கடா! என்கிட்ட!

தம்பி – நீ என்ன சொன்னே?

அக்கா – முதுகைத் தடவிக் குடுத்தேன். வேற என்ன பண்றது.

தம்பி – அதோட முடிஞ்சுதுல்ல?

அக்கா – எங்க முடிஞ்சுது? இன்னிக்கு மத்தியானம் பள்ளிக்கூடத்துல கூட்டம். பிள்ளைங்க, அப்பா அம்மா, மியூசியத்து ஆளு எல்லாம் வராங்க. நான் மேடையில நின்னு இந்தக் கதையைச் சொல்லணுமாம். அப்புறம் அச்சை டீச்சர் கையில குடுக்கணுமாம். அதை மியூசியத்துல நம்ம வம்சத்துப் பேர் போட்டு வைப்பாங்களாம்.

தம்பி – நீ ஒத்துக்கிட்டியா?

அக்கா – மாட்டேன்னு எப்படிடா சொல்றது? அந்த அழுகையைப் பார்த்திருந்தா நீயும் தலையாட்டியிருப்பே.

தம்பி – போகாதே அக்கா.

அக்கா – என்ன?

தம்பி – போகாதே. ஜுரம்னு சொல்லு. இடுப்புப் பிடிச்சிக்கிச்சுன்னு சொல்லு. அச்சு காணாமப் போச்சுன்னு சொல்லிக்கலாம். குடு, நான் ஆத்துல கொண்டு போய்ப் போட்டுட்டு வந்துடறேன்.

அக்கா – உனக்கு எதுக்குடா இவ்வளவு பதட்டம்?

தம்பி – எனக்கா? நீதான் காலையிலேர்ந்து அதே மேஜையைத் துடைச்சிக்கிட்டிருக்கே. மேஜை தேஞ்சிடும்.

அக்கா – பேச்சை மாத்தாதே. நல்ல கதைன்னு நீதானே இப்பச் சொன்னே. அப்புறம் எதுக்கு ஆத்துல போடணும்?

தம்பி – நல்ல கதைதான். அதான் பயமா இருக்கு. சரி, டீச்சர் வீட்டுக் கதை என்ன? அவங்க ஆளுங்க யாரு?

அக்கா – அவங்க ஆளும் ஒரு பொம்பளைதான். அடிமையா இருந்து தப்பிச்சு ஓடினவ. பரம்பரை பரம்பரையா அவங்க வீட்டுல ஒரே ஒரு வரிதான் சொல்வாங்களாம்... "கை நிறைய மாவோட ஓடி வந்தா"ன்னு. கழுவக்கூட நிக்காம ஓடியிருக்கா.

தம்பி – கையில மாவா?

அக்கா – ஆமா.

தம்பி – எங்கேர்ந்து ஓடினாளாம்?

அக்கா – பெரிய வீட்டுலேர்ந்துதான். சமையக்கட்டுல மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்திருப்பா.

தம்பி – அக்கா... பெரிய வீட்டுல ஏது ரொட்டி அடுப்பு? அவங்களுக்கு ரொட்டி நம்ம கடையிலேர்ந்துதானே போகும்? "பெரிய வீட்டுக்கே ரொட்டி போட்ட கடை"ன்னு அப்பா மூச்சுக்கு மூச்சு சொல்வாரே.

அக்கா – அப்பா ஆயிரம் சொல்வாரு. அவர் சொன்னதெல்லாம் உண்மையா?

தம்பி – விடுதலை வந்ததும் அவங்க ஓடிட்டாங்கன்னே. விடுதலைக்கு அப்புறம்தான் நம்ம ஆளு அச்சை எடுத்தான்னே. அப்ப நாம பெரிய வீட்டுக்கு எப்ப ரொட்டி போட்டோம்?

அக்கா – எனக்கு எப்படிடா தெரியும்? நான் என்ன கூட இருந்து பார்த்தேனா? வாயைக் கிளறாதே. பெரிய வக்கீல் மாதிரி கேள்வி கேக்கறான்.

தம்பி – நீ ஏன் கத்தறே?

அக்கா – நான் கத்தல!

தம்பி – மெதுவா. வெளிய கேக்கும்.

அக்கா – மேடையில நிக்கும்போது நாக்கு ஒட்டிக்கிச்சுன்னா? யாராவது எழுந்து இதே கேள்வியைக் கேட்டுட்டா?

தம்பி – அதான் போகாதேங்கறேன்.

அக்கா – போகலேன்னா ஏன் வரலேன்னு கேப்பாங்க. போனா... கதவு தட்டறாங்க. டீச்சர்தான். மாவு மேல துணியைப் போடு. உன் சட்டைக் கையை இழுடா!

தம்பி – அச்சு?

அக்கா – குடு, என்கிட்ட குடு. வாங்க டீச்சர்! திறந்துதான் இருக்கு, வாங்க.

டீச்சர் – இவ்வளவு சீக்கிரம் வந்து தொந்தரவு பண்றேன். தூக்கமே வரலீங்க. கூட்டத்துக்கு முன்னாடி, யாரும் இல்லாதப்போ, ஒரு தடவை அதைக் கையில வாங்கிப் பார்க்கணும் போல இருந்துது.

அக்கா – உக்காருங்க. தம்பி, அந்த ஸ்டூலை எடு.

டீச்சர் – வேண்டாம், நின்னுக்கறேன். இதுவா? கனமா இருக்கே... நான் லேசா இருக்கும்னு நினைச்சேன்.

தம்பி – சூடா இருக்கும் டீச்சர், ஜாக்கிரதை... இல்ல, இல்ல, இன்னிக்கு அடுப்புல காட்டல. சும்மா பழக்கத்துல சொல்லிட்டேன்.

டீச்சர் – ஏன் தம்பி, இன்னிக்கு சட்டைக் கையை இவ்வளவு இழுத்து விட்டிருக்கீங்க?

தம்பி – காலையில குளிரு டீச்சர்.

டீச்சர் – உங்க அக்கா சொன்ன கதையை வீட்டுல எல்லார்கிட்டயும் சொன்னேன். எங்கம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. அவங்ககூட எழுந்து உக்காந்து கேட்டாங்க. "அந்த ரொட்டிக் கடைப் பொண்ணை ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வா"ன்னாங்க.

அக்கா – வரேன்... வராம என்ன.

டீச்சர் – அப்புறம் அம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. இதுவரைக்கும் எங்க யாருக்கும் சொல்லாதது. ஓடி வந்தவ தனியா இல்லையாம். ஒரு தங்கச்சி இருந்திருக்கா. சின்னப் பொண்ணு. தூக்கிக்கிட்டு ஓட முடியல, விட்டுட்டு வந்துட்டா. அப்புறம் சாகற வரைக்கும் அவ ரொட்டியைக் கையால தொடலையாம். அந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது.

அக்கா – தண்ணி குடிக்கறீங்களா டீச்சர்?

டீச்சர் – வேண்டாங்க. நான் ராத்திரி பூரா இதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். உங்க ஆளும் அதே சமையக்கட்டுலதானே இருந்தாங்க? அப்ப அந்தக் குழந்தையைப் பார்த்திருப்பாங்க இல்ல? அக்கா இல்லாமத் தவிச்சிருக்கும். பசிச்சா ஒரு வாய் குடுத்திருப்பாங்க. பக்கத்துல படுக்க வச்சிருப்பாங்க. எனக்கு அப்படித்தான் தோணுது. இதுக்கெல்லாம் சேர்த்து இன்னிக்கு மேடையில உங்களுக்கு நன்றி சொல்லணும்...

தம்பி – டீச்சர், வேண்டாம்.

அக்கா – டேய், அடுப்பைப் பாரு. கருகுது.

தம்பி – எதுவும் கருகல. அடுப்புல இன்னும் எதுவும் வைக்கவே இல்ல. டீச்சர், நன்றி எல்லாம் சொல்லாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

டீச்சர் – என்ன தம்பி? என்ன ஆச்சு?

அக்கா – அவன் ராத்திரி தூங்கல, ஏதோ உளர்றான். நீ உள்ள போடா.

தம்பி – போக மாட்டேன் அக்கா. உனக்குத் தெரியாது. அம்மா உனக்குச் சொன்ன மாதிரி, அப்பா எனக்குச் சொன்னாரு. ஆஸ்பத்திரியில, கடைசியா. "ஆம்பளைப் பசங்களுக்கு மட்டும்தான் சொல்றது, உங்கக்காகிட்ட மூச்சு விடாதே, தாங்க மாட்டா"ன்னாரு. நானும் விடல. நீ கடையில சிரிச்சுக்கிட்டு நிப்பே, நான் உள்ள இந்த அச்சைக் குத்திக்கிட்டே... டீச்சர், எங்க ஆளு அடிமையா இருந்தது உண்மை. தோள்ல சூடு வாங்கினதும் உண்மை. ஆனா விடுதலை வந்து வெளிய வரல. அதுக்கு ரொம்ப காலத்துக்கு முன்னாடியே தனக்கு உண்டான விலையைப் பெரிய வீட்டுக்காரங்ககிட்ட கட்டிட்டு வெளிய வந்துட்டா.

டீச்சர் – அதுல என்ன இருக்கு? நல்லதுதானே?

தம்பி – வந்து இந்தக் கடையைப் போட்டா. வியாபாரம் நல்லா நடந்துது. பெரிய வீட்டுக்கே ரொட்டி போச்சு. மாவு பிசைய ஆள் பத்தல. அதனால... வாங்கினா.

டீச்சர் – எதை வாங்கினா?

தம்பி – ஆளுங்களை. சந்தையில நிறுத்தி விப்பாங்களே, அங்க போய் வாங்கிட்டு வந்தா. பெரிய வீட்டுலேர்ந்து அந்த இரும்பை அவ எதுக்கு எடுத்துட்டு வந்தான்னு நினைக்கறீங்க? வேற ஒரு அடையாளம் செய்யக்கூட அவளுக்குத் தோணல. தன் தோள்ல இருந்த அதே வட்டத்தை, அதே வாலை...

டீச்சர் – தம்பி...

தம்பி – உங்க ஆளு கை நிறைய மாவோட ஓடினது பெரிய வீட்டுலேர்ந்து இல்ல டீச்சர். இங்கேர்ந்து. நீங்க நிக்கறீங்களே, இந்த அறையிலேர்ந்து.

டீச்சர் – இங்கேர்ந்தா?

தம்பி – கடைப் பலகையில ஆரம்பிச்ச வருஷம் போட்டிருக்கும். விடுதலைக்கு எவ்வளவோ முன்னாடி வருஷம். யாரும் கூட்டிக் கழிச்சுப் பார்த்ததில்ல. நீங்க பார்த்தீங்கன்னா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பீங்க. இன்னிக்குன்னு பார்த்து அந்தப் பலகை... அக்கா. பலகையை நீ ஏன் கழட்டினே?

அக்கா – ...

தம்பி – அக்கா?

டீச்சர் – அவங்களைத் திட்டாதீங்க தம்பி. பாவம், அவங்களுக்குப் பாதிதானே தெரியும். அவங்கம்மா சொன்ன பாதி. இல்லீங்களா? அதைத்தானே என்கிட்ட சொன்னீங்க? ஏங்க... என்னைப் பாருங்க. உங்களுக்குத் தெரியாதுதானே?

அக்கா – அம்மா முழுசாத்தான் சொன்னா, டீச்சர். நீங்க என்னைக் கட்டிக்கிட்டு அழுதீங்களா... நான்தான் பாதியில நிறுத்திட்டேன். உங்க ஆளு ஓடின மறுநாள், உங்கக்கா எங்கன்னு கேட்டு, அந்தத் தங்கச்சியோட இன்னொரு தோள்லயும் இதை வச்சிருக்காங்க எங்க ஆளுங்க. அந்தக் குழந்தை அதுலயே போயிடுச்சு.